பிரிக்காத பெட்டி

மாடல் ராக்கெட்டின் வரலாறு ஒரு ஷூ கடையில் தொடங்குகிறது என்றால் என் மனைவி நம்ப மறுக்கிறாள். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்து நார்ஃபோக் ஊரில் ஆர்வில் கார்லைல் என்பவர் ஷூ விற்றுக்கொண்டிருந்தார். வாணவேடிக்கைப் பைத்தியம். 1954இல் காகிதக் குழாயும் கருமருந்தும் கொண்டு, உயரப் போய்ப் பாராசூட் விரித்து இறங்கும் குட்டி ராக்கெட்டைச் செய்துவிட்டார். அதற்கப்புறம் கொலராடோவில், பட்டாசுக் குடும்பத்துப் பிள்ளையான வெர்ன் எஸ்டிஸ், எஞ்சினை ஐந்தரை விநாடிக்கு ஒன்றாகக் கக்கும் இயந்திரம் ஒன்றைக் கட்டி, அதற்கு மேபல் என்று பெயரும் சூட்டினார். ராக்கெட்டை நாமே ஒட்டிச் செய்துகொள்ளப் பாகங்களாக விற்கும் கிட் வியாபாரம் சூடுபிடித்தது.

அந்தக் கிட்டுகள் எந்த வருஷம் பிறந்தவை என்று ஜாதகம் கணிப்பதுதான் இப்போது என் வேலை. சம்பளம் கிடையாது.

பழைய கேட்லாக்கை வாங்கினால் ஆர்டர் படிவம் இருந்த இடத்தில் ஓட்டை. எவனோ ஒரு பையன் கத்தரித்துத் தபாலில் போட்டிருக்கிறான். எனக்கு வேண்டிய விவரம் கட்டாயம் அதன் பின்பக்கத்தில்தான் இருந்திருக்கும்.

செய்முறைத் தாளில் வருஷம் போட்டிருக்காது. அங்கே எஞ்சின் எண்ணைப் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் உந்துவிசையை பவுண்டில் சொன்னார்கள், 'ஏ.8-3' என்று நடுவில் ஒரு புள்ளி இருக்கும். 1960களின் பிற்பகுதியில் நியூட்டனுக்கு மாறியதும் புள்ளி போய் 'ஏ8-3' ஆனது. ஆக, புள்ளி இருந்தால் தாள் பழசு. ஒரு ராத்திரி பூதக்கண்ணாடியோடு குனிந்து, "புள்ளி இருக்கு! புள்ளி இருக்கு!" என்று கூவினேன். மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அது ஈ எச்சம்."

ஆராய்ச்சிக்குப் பெரிய எதிரி சுறுசுறுப்பான பையன்கள். பால்சா இறக்கையை வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்து, பறக்கவிட்டு, மரத்தில் மாட்டிவிட்டு, பையையும் தாளையும் குப்பையில் போட்டுவிட்டார்கள். பிறந்தநாளுக்கு வந்த கிட்டைப் 'பிறகு பார்க்கலாம்' என்று அலமாரியில் செருகி, அறுபது வருஷம் பார்க்காமலே இருந்த சோம்பேறிகள்தான் வரலாற்றைக் காப்பாற்றியவர்கள். இப்போது தாத்தாவாகிப் பெட்டியை விற்கிறார்கள், யானை விலைக்கு.

"உள்ள என்ன இருக்கும்?" என்றாள் மனைவி.

"காகிதக் குழாய், பால்சா பலகை, பாராசூட்டு."

"வாங்கினா பிரிச்சுப் பாப்பீங்களா?"

"ஐயோ, பிரிச்சா மதிப்பு போயிடும்."

"அப்ப உள்ள ஒண்ணுமே இல்லாட்டியும் பரவாயில்லதானே?"