எங்கள் கட்டடம் தானாக விழ அருள்புரிந்தமைக்கு நன்றி

அனுப்புநர்: சென்னை ஜார்ஜ் டவுனில் நூற்றுப் பத்து வயதைத் தாண்டிய ஒரு கட்டடத்தின் உரிமையாளர்களில் ஒருவன். (பங்காளிகளுக்குள் பாகப்பிரிவினை முடியவில்லை. பெயர் போட்டால் அதையே ஆதாரமாகக் காட்டி மற்றவர்கள் கோர்ட்டுக்குப் போவார்கள் என்பதால் போடவில்லை.)

பெறுநர்: பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் பொறுப்பில் உள்ள உயர் அலுவலர் அவர்கள். (எந்த அலுவலகம் என்று உறுதியாகத் தெரியாததால் எல்லா அலுவலகங்களுக்கும் நகல்.)

பொருள்: எங்கள் கட்டடம் தானாக விழுவதற்கு இடையூறு செய்யாமல் இருந்தமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

சென்ற வடகிழக்குப் பருவமழையில் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடித் தளம் பத்திரமாக முதல் மாடிக்கு இறங்கி வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியான செய்தியைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். இன்னும் ஓர் ஐப்பசி, ஒரு கார்த்திகை போதும் என்கிறார் எங்கள் எஞ்சினியர். இந்த நல்ல காரியத்தில் தங்கள் பங்கு பெரிது. அதைச் சொல்லாமல் விட்டால் நன்றி கொன்றவன் ஆவேன்.

விளம்பரப் பலகை வழக்கில் உயர் நீதிமன்றம் அமைத்த நீதிபதி பத்மநாபன் குழு, நகரத்தில் எங்களுடையது உட்பட 467 கட்டடங்களையும் இடங்களையும் பாரம்பரியச் சிறப்புடையவை என்று பட்டியல் போட்டது. அவற்றைப் பலகைகள் மறைக்கக் கூடாது என்பதுதான் முதல் கவலை. அதுவரை எங்களுக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் 2010ல் அந்தப் பட்டியலையே முன்வைத்து, இவற்றை மனம்போனபடி இடிக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. பாரிமுனையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இடம். அதில் ஏழெட்டு மாடி எழுப்பலாம் என்று கணக்குப் போட்டு, அந்தக் கணக்கை நம்பி மூன்று பங்காளிகள் கடனும் வாங்கியிருந்தோம்.

எங்கள் வக்கீல்தான் கைகொடுத்தார். “இடிக்கக் கூடாதுன்னுதானே சார் சொல்லியிருக்காங்க? விழக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?” என்று கேட்டார். பெரிய மனிதர். அன்றிலிருந்து நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. முழுக்க முழுக்கச் சட்டத்துக்கு உட்பட்டுத்தான் ஒன்றும் செய்யாமல் இருக்கிறோம்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது சுலபம் என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. இந்தப் பழைய கட்டடங்கள் லேசில் விழுகிற ஜாதி இல்லை. எங்கள் கொள்ளுத்தாத்தா போட்ட தளம் மெட்ராஸ் டெரஸ். கொத்தனார்கள் கட்டைக்குத்து என்பார்கள். பர்மா தேக்கு உத்திரம், அதன்மேல் நெருக்கமாகக் கட்டைகள், கட்டைமேல் செங்கல்லைப் படுக்கவிடாமல் நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்கியிருக்கிறார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் பலகையால் தட்டியிருக்கிறார்கள். சாந்தில் கடுக்காய்த் தண்ணீர், வெல்லம். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்தில் குண்டுபோட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியபோது இந்தப் பேட்டையே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. கட்டடம் மட்டும் ஓடவில்லை. ஒரு விரிசலும் விடவில்லை. அப்பேர்ப்பட்ட தளத்தை எப்படிச் சாய்ப்பது?

மொட்டைமாடியில் மழைநீர் வெளியேறும் தூம்பு ஒன்று இருக்கிறது. தாத்தா காலத்தில் ஐப்பசி பிறப்பதற்கு முன்பு அதில் அடைந்த சருகை எடுக்க ஓர் ஆளை அனுப்புவார்கள். அந்த ஆளை நிறுத்தினோம். எங்கள் திட்டத்தின் மொத்தச் செலவும் அவ்வளவுதான். செலவுகூட இல்லை, மிச்சம். தண்ணீர் தேங்கியது. தட்டோட்டின் இடுக்கில் இறங்கியது. உத்திரத்தின் நுனி சுவருக்குள் செருகியிருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தது. தேக்கு எங்கே நனைந்தாலும் தாங்கும், சுவருக்குள் மறைந்திருக்கும் அந்த ஒரு சாண் மட்டும் காயாமல் கிடந்தால் உளுத்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உத்திரம் உத்திரமாகவே தெரியும். பிறகு ஒரு நாள் காக்கை ஒன்று வந்து கைப்பிடிச் சுவரில் எச்சமிட்டது. அதில் ஓர் அரசவிதை. எம்டனால் முடியாததை அந்தக் காக்கை செய்து முடித்தது.

அரசமரத்துக்கு மஞ்சள் துணி சுற்றி விட்டோம். இனி எவன் வெட்டுவான்?

அக்கறையுள்ளவர்களாகவும் தோன்ற வேண்டும் அல்லவா? அதனால் தெருப் பக்கச் சுவரில் உதிர்ந்த இடங்களில் சிமெண்ட் பூசினோம். பராமரிப்பு என்ற பெயரும் கிடைத்தது, வேலையும் வேகமெடுத்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்டைப் போட்டு அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லை உள்ளிருந்தே உப்பாக்கிப் பொடிக்கும். பழுதுபார்க்கத் தெரியாமல் செய்யும் இந்தத் தவறை நாங்கள் தெரிந்தே செய்தோம் என்பதை எங்கள் திறமைக்குச் சான்றாகக் கொள்ள வேண்டுகிறேன்.

குடியிருப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீழ்த்தளத்தில் காகிதக் கடை, பித்தளைச் சாமான் கடை, கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர் ஒருவர். இவர்கள் தரும் மாத வாடகையில் மூன்று பங்காளிகளும் சேர்ந்து போய் டிபன் சாப்பிட முடியாது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு நல்ல வழி வைத்திருந்தது. பழுதுபார்க்க வேண்டும் என்று காலி செய்யச் சொன்னால் வேலை முடிந்ததும் அவர்களையே திரும்ப உள்ளே விட வேண்டும். இடித்துக் கட்ட வேண்டும் என்று சொன்னால் அந்தத் தொல்லை இல்லை. ஒழுகும் வீட்டைச் சரிசெய்பவனுக்குப் பழைய குடித்தனம் திரும்ப வரும், ஒழுகவிட்டவனுக்குக் காலி மனை கிடைக்கும். இதற்குப் பிறகும் எவனாவது கொத்தனாரைக் கூப்பிடுவானா? அந்தச் சட்டம் போய் 2019ல் புதியது வந்துவிட்டது. ஆனால் ஏறக்குறைய 60 ஆண்டுகள் பழகிய கை, சட்டம் மாறியதும் மாறிவிடுமா?

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்களைப் போன்றவர்களில் சிலர் உண்மையாகவே கையில் காசில்லாமல் தவிக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு மூதாட்டி, வாடகையும் வராமல், விற்கவும் மனமில்லாமல், ஒழுகும் இடத்தில் அண்டா வைத்துக் காலம் தள்ளுகிறார். பட்டியலில் இருக்கும் பெருமையைக் கொண்டு ஒரு மூட்டை சுண்ணாம்பு வாங்க முடியாது. அவருக்கு உதவிவிடாதீர்கள். அவர் கட்டடம் நிமிர்ந்து நின்றால், எங்களுடையது ஏன் நிற்கவில்லை என்று யாராவது கேட்பார்கள்.

அவசரக்காரர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. அண்ணா சாலையில் 1897ல் எழுந்த பாரத் இன்ஷ்யூரன்ஸ் கட்டடத்தை ஆயுள் காப்பீட்டுக் கழகம் 2006ல் கடப்பாரையோடு ஆள்விட்டு இடிக்கத் தொடங்கியது. என்ன ஆயிற்று? பாரம்பரியத்தைக் காக்கும் இன்டாக் அமைப்பு வழக்குப் போட்டது, கடைசியில் 2010 தீர்ப்பு வந்தது, எங்கள் எல்லோர் தலையிலும் விடிந்தது. கடப்பாரை என்பது சத்தம் போடும் கருவி. அரண்மனைக்காரன் தெருவில், அன்னி பெசன்ட் முழங்கிய கோகலே மண்டபத்திலும் இதே கதைதான்: இடிக்கத் தொடங்கி வழக்கில் மாட்டினார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தூம்பில் சருகு விழும் சத்தம் எந்த நீதிமன்றத்துக்கும் கேட்காது.

தங்கள் தரப்பின் பொறுமைக்கும் தலைவணங்குகிறேன். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்க ஆணையம் அமைக்கும் சட்டத்தை 2012ல் சட்டமன்றம் நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வந்தது 2024ல். நீலகிரியில் குறிஞ்சி பூப்பதும் 12 ஆண்டுக்கு ஒருமுறைதான். இயற்கையோடு இவ்வளவு இசைந்த நிர்வாகத்தை வேறெங்கே பார்க்க முடியும்? அந்தப் 12 ஆண்டில் எங்கள் அரசங்கன்று மரமாகி, வேர் தரைத்தளம் வரை வந்துவிட்டது.

போகிற கட்டடத்தில் எதையும் வீணாக்கவில்லை. செதுக்கிய நிலைக்கதவு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டின் வரவேற்பறையில் இருக்கிறது. தூண்கள் ஒரு சைவ ஹோட்டலுக்குப் போயின. அங்கே அவற்றைத் தினமும் துடைத்து எண்ணெய் போடுகிறார்கள் என்று கேள்வி. வார்ப்பிரும்புக் கைப்பிடிகளை எடைக்குப் போட்டோம்.

நடைபாதையில் போகிறவர்கள் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். எங்கள் தெருவில் வீடுகளுக்கு இடையே சந்து கிடையாது, பொதுச்சுவர்தான். ஒன்று சாய்ந்தால் பக்கத்து வீட்டையும் பார்த்துவிட்டுத்தான் சாயும். 2023 ஏப்ரலில் அரண்மனைக்காரன் தெருவிலேயே ஒரு பழைய நாலு மாடிக் கட்டடம், பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே சரிந்தது. பார்த்தீர்களா, பழுதுபார்ப்பது எவ்வளவு ஆபத்தானது! எங்கள் வாசலில் மூட்டை தூக்கும் தொழிலாளிகள் நிழலுக்கு உட்காருவார்கள், இரவில் சிலர் அங்கேயே படுப்பார்கள். ‘ஆபத்தான கட்டடம், அருகில் வராதீர்’ என்று பலகை மாட்டியிருக்கிறோம். படிக்கத் தெரிந்தவர்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை.

இப்போது என் வேண்டுகோளுக்கு வருகிறேன். தங்கள் அலுவலகத்தில் யாராவது இளம் அதிகாரி புதுப் புது யோசனைகளோடு வரக்கூடும். மழைக்காலத்துக்கு முன்பு பட்டியலில் உள்ள ஒவ்வொரு கட்டடத்தின் மாடிக்கும் ஓர் ஆளை அனுப்பித் தூம்பைப் பார்க்கச் சொல்லலாம் என்பார். உரிமையாளர் சரிசெய்யாவிட்டால் அரசே செய்துவிட்டு, செலவைச் சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கலாம் என்பார். ஒழுங்காகக் காப்பவருக்கு வரியைக் குறைக்கலாம், அவர் கட்டாமல் விட்ட மாடிகளின் உரிமையை வேறிடத்தில் விற்க அனுமதிக்கலாம், மும்பையில் 1995லேயே அந்த விற்பனைக்கு விதி போட்டுவிட்டார்கள் என்று கோப்பை நீட்டுவார். அவரைத் தயவுசெய்து வேறு துறைக்கு மாற்றிவிடுங்கள்.

எல்லாவற்றிலும் என் தூக்கத்தைக் கெடுப்பது புதுச்சேரிதான். 2014 நவம்பரில், மழைக்காலத்தில், கடற்கரையில் இருந்த மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நகர மன்றம். விழுந்த இடத்தில் என்ன கட்டினார்கள் என்று நினைக்கிறீர்கள்? வணிக வளாகமா, வாகன நிறுத்தமா? பழையது எப்படி இருந்ததோ அதே உருவில் திரும்பக் கட்டி 2021ல் திறந்துவிட்டார்கள். அது அரசுக் கட்டடம், அவர்கள் பாடு. ஆனால் அந்த யோசனை இங்கே வந்து, பட்டியலில் உள்ள கட்டடம் விழுந்தால் அதே உயரத்தில், அதே பரப்பில் மட்டும்தான் கட்டலாம், ஒரு மாடிகூட ஏறக் கூடாது என்று ஒரே ஒரு வரி சேர்த்துவிட்டால் எங்கள் கதி என்ன? ஜார்ஜ் டவுன் முழுக்க மறுநாள் காலையிலேயே எல்லாரும் மாடியேறித் தூம்பு குத்த ஆரம்பித்துவிடுவார்கள். கொத்தனாருக்கும் சுண்ணாம்புக்கும் தட்டுப்பாடு வந்துவிடும். அந்த ஒரு வரியை மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு சிறு கோரிக்கை. எங்கள் கட்டடம் விழுந்த பிறகு பட்டியலிலிருந்து அதன் பெயரை நீக்கிவிட வேண்டாம். 467 என்ற எண்ணிக்கை குறைந்தால் பத்திரிகைக்காரர்கள் வீணாகத் தங்களைத் தொந்தரவு செய்வார்கள், எங்களிடமும் வருவார்கள். பெயர் அங்கேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உரிமையாளர்களில் ஒருவன்