நிலாவுக்குப் பணி ஓய்வு

நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டியதெல்லாம் ஒரு காலமா? அமாவாசையன்று பிள்ளை பட்டினி! செல்போனுக்கு அந்தக் குறை கிடையாது. எங்கள் வீட்டு ஒன்றரை வயசு, நெய் ஒட்டிய விரலால் விளம்பரத்தை லாகவமாகத் தள்ளிவிட்டு, கண்ணை எடுக்காமல் வாயைத் திறக்கிறது. உள்ளே போவது பருப்பு சாதமா, பாட்டியின் பாவக்காயா என்ற வீண் ஆராய்ச்சியே இல்லை. என்ன ஒரு தவநிலை! இந்த வயசுக்குத் திரையே வேண்டாம் என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. பாவம், கிண்ணத்தோடு மாடிப்படியில் ஓடிப் பார்த்திராதவர்கள்.

நேற்று போனில் சார்ஜ் தீர்ந்தது. வீடே நடுங்கியது. பிள்ளையோ சுவர்ப் பல்லியைப் பார்த்தபடி கிண்ணத்தைக் காலி செய்துவிட்டது. தட்டைத் தொடாமல் சார்ஜருக்கு அடம்பிடித்தவர் அதன் அப்பாதான். அவருக்கு 38 வயசு. பல்லியைக் காட்டியும் வாய் திறக்கவில்லை.