புளிச்ச மூஞ்சிக்குப் பக்குவம்

வரிப்பத்தான்சேனைக்குப் புது மாப்பிள்ளையாக வந்திறங்கும் தம்பிமாருக்கு இந்தக் குறிப்பு. நம்ம பக்கத்தில் கலியாணம் முடித்தால் பெண் புகுந்த வீடு போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண்வீட்டில் குடியேறுவார். வீடும் வளவும் பெண்ணின் பேரில். மாப்பிள்ளையின் சொந்தச் சொத்தாக மிஞ்சுவது அவரது மூஞ்சி ஒன்றே. அதை முறையாகப் புளிக்க வைக்கத் தெரிய வேண்டும்.

முதலில் உறை. பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, பழைய தயிர் ஒரு கரண்டி விட்டால் விடியுமுன் சட்டி உறைந்துவிடும். மூஞ்சிக்கு உறை பழைய குறை. யாரோ ஒரு கந்தூரியில் சஹனில் ஏழாவது ஆளாக நெருக்கி உட்கார வைத்தார்களே, அது போதும். கைக்கூலியில் சொன்னது ஒன்றும் வந்தது ஒன்றுமாக இருந்தால் இன்னும் திறம். உறை விட்ட பின் சட்டியை ஆட்டக் கூடாது. "என்ன மகன், ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று மாமி கேட்டால் "ஒண்டுமில்ல" என்பதோடு நிறுத்திக்கொள்ளவும். காரணத்தைச் சொன்னால் தீர்த்து வைத்துவிடுவார்கள், அவ்வளவு பாடும் வீண்.

அடுத்தது ரகம். தேசிக்காய்ப் புளிப்பு சுள்ளென்று வந்து அசருக்குள் போய்விடும். பிள்ளைகளை ஏசுவதற்கு மட்டும் உதவும். பழப்புளியில் கொஞ்சம் இனிப்பும் கிடக்கும், "எங்களையெல்லாம் யாரு கேக்கப்போறாங்க" என்று இழுத்துப் பேசுவோருக்கு அது பொருந்தும். உச்சம் கொறுக்காய்தான். நாட்டின் தென்மேற்கு ஈரவலயத்தில் காய்க்கும் இந்தப் பழம், பழுக்கும்போது மஞ்சள், காயக் காயக் கறுப்பு. இதைப் போட்டு மண்சட்டியில் வற்ற வைத்த மீன், குளிர்சாதனப்பெட்டி இல்லாமலே நாட்கணக்கில் நிற்கும். இந்த ரக மௌனத்தை நோன்புப் பெருநாளில் தொடங்கினால் ஹஜ்ஜுப் பெருநாள் வரை கெடாது. மூன்று நாளுக்கு மேல் ஒரு முஸ்லிம் சகோதரனோடு பேசாமல் இருக்கலாகாது என்ற ஹதீஸை ஜும்ஆவில் ஹஸ்ரத் சொன்னால், அது முன்வரிசையில் இருக்கும் மச்சானுக்கானது என்று எடுத்துக்கொள்ளவும்.

மூஞ்சியை உள்ளறையில் வைத்துப் பயனில்லை. முன்விறாந்தையில் கதிரை போட்டு, றோட்டைப் பார்த்து வைக்க வேண்டும். நாக்கு புளிப்பை எந்த வாசல் வழியாக அறிகிறது என்பது விஞ்ஞானிகளுக்கு 2019இல்தான் உறுதியானது. மாமிமாருக்குக் கேற் திறக்கும் சத்தமே போதும்.

ஆபத்து வருவதும் மாமியிடமிருந்துதான். அவர் சண்டைக்கு வரமாட்டார். எருமைத் தயிரை வழித்துப் போட்டு, மேலே தாராளமாகச் சீனியைத் தூவி, பேசாமல் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவார். சீனி சேர்த்தால் தயிரின் அமிலம் துளியும் குறைவதில்லை, நாக்குத்தான் ஏமாறுகிறது. பெரிய பெரிய கொறுக்காய் மாப்பிள்ளைமாரெல்லாம் இரண்டாம் கோப்பைக்குக் கையை நீட்டியிருக்கிறார்கள். தப்ப வழியில்லை, சாப்பிட்டு விடுங்கள்.

ஒன்று மட்டும். பெரும்போக வெள்ளாமை வெட்டுக்கு முன் மூஞ்சியைப் பழையபடி ஆக்கிவிடுங்கள். மாமாவின் வட்டையில் நெல் மூட்டை பங்கிடுகிற அன்று சிரிக்காத மருமகனுக்கு ஒரு சாக்கும் ஏறாது.