இஸ்திரி போட்ட தொண்டு

ஊர்க்காவல் படையின் சீருடை விதிகளை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். எழுதியது எழுதியபடி நடக்கிற விதி என்று இந்த நாட்டில் எத்தனை மிச்சம் இருக்கின்றன? சுண்ணாம்புக்கல் லாரி எத்தனை டன் ஏற்றலாம் என்று ஒரு விதி உண்டு. சுரங்கம் தோண்டி முடித்தவன் அந்தக் குழியை என்ன செய்ய வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. அரியலூர்ப் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள். லாரியும் குழியும் அந்த விதிகளைப் படித்த மாதிரி தெரியாது. ஆனால் ஹோம்கார்டு தம்பியின் தொப்பி புருவத்துக்கு மேல் எத்தனை விரல் ஏறியிருக்கிறது என்று அளக்க ஆள் இருக்கிறது, நேரம் இருக்கிறது, அக்கறையும் இருக்கிறது. அரசாங்கம் உயிரோடுதான் இருக்கிறது என்பதற்கு என்னிடம் உள்ள ஒரே அத்தாட்சி, அளக்கிற அந்த விரல்தான்.

கவாத்து நாளில் ஆயுதப்படை மைதானத்து வேலியோரம் நின்று பார்த்தவர்களுக்கு இந்த அழகு புரியும். பெரம்பலூரோ அரியலூரோ, எந்த மாவட்டமானாலும் காட்சி ஒன்றுதான். விடிந்தும் விடியாமலும் ஃபால்-இன். ஷூவில் எதிரே நிற்பவர் முகம் தெரிய வேண்டும். பெல்ட்டின் பித்தளை மின்ன வேண்டும். முகத்தில் நேற்றைய தாடி இருக்கக் கூடாது. வரிசையைப் பார்த்துக்கொண்டே வருகிற அதிகாரி ஒருவர் முன்னால் நிற்பார்.

"ஏம்ப்பா, இது சட்டையா சாக்கா?"

"அய்யா, ராத்திரி பந்தோபஸ்து முடிஞ்சு நேரா வர்றேங்கய்யா."

"பந்தோபஸ்துக்கு ஒரு சட்டை, பரேடுக்கு ஒரு சட்டைன்னு வச்சுக்கத் தெரியாதா?"

வைத்துக்கொள்ளத் தெரியும். அந்த இரண்டாவது சட்டை எங்கிருந்து முளைக்கும் என்பதுதான் தெரியாது. சாக்கு என்று அய்யா சொன்னதில் பொய்யும் இல்லை. வரிசையில் நிற்பவர்களில் ஒருவர் சின்ன வெங்காய மண்டியில் மூட்டை தூக்குபவராக இருப்பார். இன்னொருவர் சிமெண்ட் ஆலையில் ஒப்பந்தக் கூலி, அடுத்தவர் ஆட்டோ ஓட்டுபவர், அதற்கடுத்தவர் ராத்திரி பரோட்டா போடுபவர். வாரம் முழுக்கச் சாக்கோடும் சிமெண்ட் தூளோடும் புழங்கிவிட்டு, காக்கி போட்ட நேரத்தில் மட்டும் வாழ்க்கையின் தடயமே உடம்பில் இல்லாமல் வந்து நிற்க வேண்டும். அதற்குப் பெயர் ஒழுக்கம்.

இந்தத் தொண்டர் படை யோசனைக்கு மூலம் சீமையில் இருக்கிறது. 1940 மே 14 அன்று ஹிட்லரின் படை எந்த நேரமும் வந்து இறங்கலாம் என்ற பீதியில், பிரிட்டனின் போர் அமைச்சர் ஆண்டனி ஈடன் வானொலியில் பேசி ஆட்களைக் கூப்பிட்டார். கடைக்காரர், தோட்டக்காரர், ஓய்வு பெற்ற கிழவர் என்று லட்சக்கணக்கில் வந்தார்கள். கொடுக்க உடுப்பு இல்லை. கையில் கட்டிக்கொள்ள எழுத்துப் போட்ட ஒரு துணிப்பட்டையைக் கொடுத்துக் காவலுக்கு அனுப்பினார்கள். உடுப்பு பின்னால்தான் வந்தது. நம்மிடம் அந்த யோசனை 1946 டிசம்பர் 6 அன்று, கலவரக் காலத்து பம்பாயில் வந்து சேர்ந்தது. 1962-ல் சீனப் போர் வந்தது. எல்லா மாநிலமும் ஒரே மாதிரி தொண்டர் படை வைத்துக்கொள்ளுங்கள் என்று டெல்லி சொன்னது. 1963-ல் சென்னை மாநிலத்தில் அதற்கென்று சட்டமே போட்டார்கள். சீனாக்காரன் பெரம்பலூர் வரைக்கும் வரவில்லை. தேர்த் திருவிழா வந்தது, தேர்தல் வந்தது, ஜல்லிக்கட்டு வந்தது, மந்திரி வந்தார். படைக்கு வேலை குறைவில்லை.

வேலைக்குக் குறைவில்லாத இடத்தில் கூலி என்ன ஆனது என்பதைக் கேட்டால் உங்களுக்கு அரசாங்கக் கணக்கின் மேல் பக்தியே வந்துவிடும். 2015 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. இவர்களை நிரந்தரமாக்கச் சொல்லி உத்தரவிட முடியாது. ஆனால் 30 நாள் கூலியைக் கூட்டினால் அந்த மாநிலத்துப் போலீஸ்காரரின் குறைந்தபட்சச் சம்பளம் அளவுக்காவது வரும்படி நாள்படி கொடுங்கள் என்றது. தமிழ்நாடு அரசு தீர்ப்புக்குத் தலை வணங்கியது. நாள்படியை 560 ரூபாயாக ஏற்றியது. ஏற்றிய கையோடு, வேலை நாளை மாதத்துக்கு ஐந்தாகச் சுருக்கியது. ஐந்தைந்நூற்றறுபது 2,800. நீதிமன்றம் 30 நாளைக் கூட்டச் சொன்னது. அரசு நாளைக் கழித்துவிட்டது. கோர்ட்டுக்கும் கோபம் வராமல், கஜானாவுக்கும் காயம் படாமல், கூலியை உயர்த்தி வருமானத்தை இறக்கிய இந்த வித்தையைச் செய்தவர் யார் என்று தெரிந்தால் அவருக்குத்தான் முதலில் பதக்கம் குத்த வேண்டும். அவருடைய சட்டையும் கசங்கியிருக்காது.

ஆக, தலையிலிருந்து கால் வரை அவர் போலீஸ். சட்டைப் பைக்குள் மட்டும் தொண்டர். பணிக்குக் கூப்பிட்ட நேரத்தில் போலீஸ்காரருக்குள்ள அதிகாரம் அவருக்கும் உண்டு என்று சட்டமே சொல்கிறது. வெயிலில் நிற்பதில், வசவு வாங்குவதில், குடிகாரன் கல் வீசும்போது முன்வரிசையில் நிற்பதில் முழுச் சமத்துவம். சம்பளம் என்று வாயைத் திறந்தால், "தம்பி, நீங்க சேவைக்கு வந்தவங்க" என்று குரல் குழையும். பாரதிய நியாய சங்கிதையின் 205-வது பிரிவு, ஏமாற்றும் எண்ணத்தோடு அரசு ஊழியரின் உடுப்பைப் போடுகிறவனுக்கு மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. வெள்ளைக்காரன் எழுதிய பழைய சட்டத்தில் அபராதம் 200 ரூபாய்தான். உடுப்பைப் போட்டு அரசு ஊழியன் மாதிரி நடிப்பவனுக்குப் பிரிவு இருக்கிறது. ஒருவனுக்கு உடுப்பைப் போட்டுவிட்டு, அரசு ஊழியன் மாதிரி நடிக்கவைப்பவர்களுக்கு எந்தப் பிரிவு என்று தேடிப் பார்த்தேன். இன்னும் எழுதவில்லை போலிருக்கிறது.

படைக்கு மேலே ஒரு மாடி உண்டு. அங்கே இருப்பவர் வட்டாரத் தளபதி. இது கௌரவப் பதவி, சம்பளம் கிடையாது. சம்பளம் தேவைப்படாதவர்கள்தான் பெரும்பாலும் அங்கே போய்ச் சேர்கிறார்கள். ஊரில் நாலு கட்டடமோ நாலு கல்லூரிப் பேருந்தோ இருந்தால் கௌரவம் தானாகத் தேடி வரும். மூட்டை தூக்குபவர் 45 நாள் பயிற்சியில் வலது இடது கற்றுக்கொண்டு வாங்குகிற காக்கியை, இவர் சமூக அந்தஸ்தில் வாங்கிக்கொள்கிறார். தோளில் அதிகாரிக்குரிய சின்னம் ஏறுகிறது. வீட்டு வரவேற்பறையில் அந்தக் கோலத்தில் ஒரு பெரிய படம், மகள் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே ஒரு வரி. எல்லோரும் அப்படி என்று நான் சொல்ல மாட்டேன். ராத்திரி ரோந்தில் தம்பிகளோடு நிற்கிற தளபதியும் எங்காவது இருப்பார், இருக்கட்டும். ஆனால் அந்தச் சட்டை ஏன் கசங்குவதே இல்லை என்று யோசித்தால், கசங்குகிற இடத்துக்கு அது போவதில்லை என்பது புரிந்துவிடும். ஆய்வில் எப்போதும் முதல் மதிப்பெண் அதற்குத்தான்.

கசங்குகிற இடங்கள் எவை என்று பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கிறது; அந்த இரண்டு நாளிலும் திருச்சி - சென்னை நெடுஞ்சாலையைத் தாண்டிக் கூட்டம் இறங்குகிறது. கல்லங்குறிச்சியில் தேர். ஏலாக்குறிச்சியில் மாதா திருவிழா. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஐப்பசிப் பௌர்ணமிக்கு அந்தப் பெரிய லிங்கத்துக்கு நூறு மூட்டை அரிசியைச் சோறாக்கிச் சாத்துகிறார்கள். இந்த மாதிரிக் கூட்டத்தில் தடுப்புக் கட்டைக்கு இந்தப் பக்கம் கயிறு பிடித்து நிற்பவருக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் வந்தால் உண்டு. பந்தோபஸ்து முடித்து சிமெண்ட் லாரிகள் ஓடும் சாலையோரம் பஸ்ஸுக்கு நின்றால், அரை மணி நேரத்தில் காக்கியின் நிறம் மாறிவிடும். அரசாங்கம் வழங்கிய நிறத்தை அரசாங்கமே அனுமதி கொடுத்த தூசி மூடுகிறது. மெமோ சட்டைக்காரருக்கு.

பெண் ஊர்க்காவலர்களுக்குக் கொண்டையை வலைக்குள் அடக்க வேண்டும் என்ற கண்டிப்பு தனி. பத்து மணி நேரம் தேர் வீதியில் நிற்கிற பெண் ஒதுங்க எங்கே போவாள் என்பதை யாரும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. 2021 ஜூனில், முதல்வர் போகிற வழியில் பாதுகாப்புக்குப் பெண் போலீசாரைச் சாலையில் நிறுத்த வேண்டாம் என்று உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு. போலீசார் என்ற வார்த்தையில் ஹோம்கார்டு பெண்ணும் அடக்கமா என்று கேட்டால் பதில் நேரத்தைப் பொறுத்தது. வேலை என்றால் அடக்கம், சலுகை என்றால் ஆலோசிக்கப்படும்.

இப்போது மறுபக்கத்துக்கு வருகிறேன். தம்பிகளுக்கு மட்டும் பூமாலை போட எனக்கு விருப்பமில்லை. காக்கியைக் கழற்ற மனமில்லாதவர்கள் இந்தப் படையில் உண்டு. பணி இல்லாத நாளிலும் காக்கி பேண்ட், கால்களில் பிரவுன் ஷூ. டீக்கடையில் காசு கொடுக்கக் கை பைக்குள் போகும், வெளியே வராது. பைக்கின் முன்னால் சிவப்பும் நீலமுமாக 'போலீஸ்'. 2024 மே மாதம் சென்னையில் வண்டி ஸ்டிக்கர்களைப் போலீசார் பிய்க்கத் தொடங்கியபோது இந்த மாவட்டங்களிலும் சில பைக்குகள் கொஞ்ச நாள் வெறும் பைக்குகளாக ஓடியிருக்கும். இது தப்பு. தப்புதான். ஆனால் இதை யார் சொல்லிக்கொடுத்தது? ஒருவனுக்குச் சம்பளத்துக்குப் பதில் மரியாதையைக் கையில் கொடுத்து அனுப்பினால், அதைச் சில்லறை மாற்ற அவன் எங்கே போவான்? டீக்கடைக்குத்தான் போவான். அரசு செலுத்த வேண்டிய பாக்கியை டீக்கடைக்காரரும் தள்ளுவண்டிக்காரரும் செலுத்துகிறார்கள். பணி இல்லாதபோது உடுப்பு போடக் கூடாது என்ற விதி இந்த ஒரு விஷயத்தில் மக்களைக் காப்பாற்றக்கூடிய விதி. ஆச்சரியம், அதைத்தான் யாரும் அளப்பதில்லை. ஷூ மினுங்கினால் போதும்.

இன்னொரு விதியும் மக்களுடையது. நெஞ்சில் குத்தும் பெயர்ப் பட்டை. 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம், கைது செய்கிற, விசாரிக்கிற போலீஸ்காரரின் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும்படி பட்டை இருக்க வேண்டும் என்றது. காக்கிச் சட்டையில் உள்ள எல்லா அலங்காரமும் மேலதிகாரி பார்ப்பதற்கு. அடி வாங்கியவன் பார்ப்பதற்கு இருப்பது அந்தப் பட்டை ஒன்றுதான். தடியடி நடந்த வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: தொப்பி இருக்கும், பெல்ட் இருக்கும், பெயர் மட்டும் ஜெர்கினுக்குள் போயிருக்கும்.

பெயர்ப் பட்டையே இல்லாத துணைப்படை எப்படி இருக்கும் என்பதையும் நாம் பார்த்தாயிற்று. 1993-ல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் பிலிப் 'காவல் நண்பர்கள்' என்ற அமைப்பைத் தொடங்கினார். போலீசுக்கும் பொதுமக்களுக்கும் பாலம் என்பது நோக்கம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் அடித்த அடியில் செத்தார்கள். அந்த இரவில் காவல் நண்பர்கள் அமைப்பைச் சேர்ந்தவர்களும் ஸ்டேஷனில் இருந்தார்கள் என்று குற்றச்சாட்டு கிளம்பியது. ஜூலையில் அரசு அமைப்பையே தடை செய்துவிட்டது. யார் எந்த நோக்கத்தில் உள்ளே வந்தார், யார் அனுப்பினார், எந்தப் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது என்று கேட்டு உட்கார்ந்து விடை தேடுவதைவிட, தடை ஒரு பக்கத்தில் டைப் அடித்து முடிந்துவிடுகிற வேலை.

அரியலூர்க்காரர்களுக்கு இந்த டைப் அடிக்கும் வேகம் புதிதல்ல. 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001 ஜனவரி 1 அன்று பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002 மார்ச் 31 அன்று அது மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007 நவம்பர் 23 அன்று மறுபடி பிரிந்தது. ஆட்சி மாறும்போது மாவட்டமே சட்டை மாற்றிக்கொள்கிறது. பலகையும் முத்திரையும் லெட்டர்பேடும் மாறின. கயிறு பிடித்து நின்றவர் எந்த மாவட்டத்தில் நிற்கிறோம் என்று தெரியாமலே நின்றார். அவர் சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்திருந்தால் மட்டும் எந்த மாவட்டமானாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

டிசம்பர் 6 ஊர்க்காவல் படை தொடங்கிய நாள். ஆண்டுதோறும் கொண்டாட வேண்டும். 1992-ல் பாபர் மசூதி இடிக்கப்பட்டதிலிருந்து அதே நாளில்தான் தமிழ்நாடு முழுக்க ரயில் நிலையம், பேருந்து நிலையம், கோயில், பள்ளிவாசல் என்று உச்சக்கட்டப் பந்தோபஸ்து. பிறந்தநாள் காண்பவரே பிறந்தநாள் விருந்துக்குக் காவலும் நிற்கிற விசித்திரம் இந்தப் படைக்கு மட்டும்தான். மீதிப் பேர் மைதானத்தில் வரிசையாக நிற்பார்கள். சிறப்பு விருந்தினர் தாமதமாக வருவார். 'தன்னலமற்ற' என்ற சொல் உரையில் ஏழெட்டு முறை வரும். பின்வரிசையில் யாராவது ஒருவர் பக்கத்தில் நிற்பவரிடம் மெல்லக் கேட்பார்:

"அண்ணே, இன்னைக்கி நின்னது அந்த அஞ்சு நாள் கணக்குல வருமா?"

"முதல்ல கையத் தட்டுடா, அய்யா இங்கதான் பார்க்குறாரு."