வரி கட்டுனவன் பேரன் யாருலே?

வாலே பேராண்டி, இப்பிடித் திண்ணையில உக்காரு. வம்சாவளிச் சங்கத்துல சேந்திருக்கியாமே. மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை, பாளையங்கோட்டையில ஒரு மாடி ரூம்பு, திரையில படம், நடுவுல டீயும் பிஸ்கோத்தும். சட்டையில பேரு எழுதுன அட்டை வேற குத்தி விடுதாவளாம். தன் பேரே தனக்கு மறந்துபோயிரும்னு பயமோ என்னமோ. இருக்கட்டும். சீட்டாடப் போறதுக்கு இது தேவலை. உங்க அப்பன் இந்த வயசுல ஞாயித்துக்கெழமை எங்க போனான்னு எனக்குத் தெரியும். அதை நீ வம்சாவளியில எழுத முடியாது.

அங்க என்ன சொல்லிக் குடுக்காவன்னு விசாரிச்சேன். நல்லாத்தான் சொல்லிக் குடுக்காவ. உன்னையில இருந்து ஆரம்பி, தலைமுறை தலைமுறையாப் பின்னால போ, நடுவுல ஒண்ணைத் தாண்டிக் குதிக்காதே. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு காகிதம் காட்டு. காகிதம் இல்லாததுக்கு யாரு சொன்னா, என்னைக்குச் சொன்னான்னு குறிச்சு வையி. வீட்டுல இருக்க வயசாளிய மொதல்ல கேளு. இம்புட்டுத்தான் பாடம். ஒரு குத்தம் சொல்ல முடியுமா? முடியாது. ஆனா நீங்க செய்யுதது என்னலே? மூணாவது கூட்டத்துலயே ஒருத்தன் எந்திரிச்சு, எங்க பூட்டன் பாண்டிய ராசா வழின்னுட்டான். பக்கத்துல இருக்கவன் விடுவானா? அவன் பூட்டன் சேரனாம்.

எங்க திரும்பினாலும் ஆண்ட பரம்பரை. செவுத்துல எழுதியிருக்கு, ஆட்டோ பின்னால எழுதியிருக்கு, கல்யாண பேனர்ல எழுதியிருக்கு, காதுகுத்துல கூட எழுதியிருக்கு. எல்லாவனும் ஆண்டான்னா வரி கட்டுனது யாருலே? ராசா குளம் வெட்டுனாரு, சரி. மண்ணு சுமந்தது யாரு? அவன் பேரன் ஒருத்தன் கூடவா உங்க சங்கத்துல இல்லை? பல்லக்குல போனவனுக்கு மட்டும் புள்ள குட்டி பொறந்துச்சு, தூக்குனவன் எல்லாம் சந்நியாசியா?

கணக்குத்தான் படிச்சிருக்கியே, போட்டுப் பாரு. அப்பன் ஆத்தா ரெண்டு பேரு. தாத்தா ஆச்சி நாலு. பூட்டன் பூட்டி எட்டு. இப்பிடியே பத்துத் தலைமுறை ஏறுனா 1,024 பேரு. அது ஒண்ணும் சோழன் காலம் இல்லை. இருநூத்தம்பது, முன்னூறு வருசந்தான், கட்டபொம்மனோட தாத்தா காலம். அந்த 1,024 பேருல ஒருத்தன் ராசான்னே வச்சுக்கோ. மிச்சம் 1,023 பேரு என்ன ஆனாவ? நாத்து நட்டவ, மாடு மேய்ச்சவன், கடன் வாங்கிட்டு ராத்திரியோட ஊரை விட்டு ஓடுனவன், எல்லாரும் உனக்குத் தாத்தா பாட்டிதான். அவுகளை என்ன செய்யப் போறே? வாசல்லயே நிக்கச் சொல்லிருவியா?

இருவது தலைமுறைக்குப் போனா பத்து லட்சத்தைத் தாண்டுது. அம்புட்டுப் பேரு எங்க இருந்து வந்தாவன்னு கேக்கணும் நீ. கேக்க மாட்டே. ஒரே ஆளு நாலு பக்கத்துல இருந்தும் வருவான், அதான் சூட்சுமம். நம்ம பக்கம் மாமன் மக, அத்தை மகளைத்தானே கட்டுதோம். அப்பிடிக் கட்டுனவுக பெத்த புள்ளைக்குப் பூட்டன் பூட்டி எட்டுப் பேரு இருக்க மாட்டாவ, ஆறு பேருதான். அக்கா மகளைக் கட்டுனவன் கதை இன்னும் வேடிக்கை. ஒரே கெழவன் புள்ளைக்குத் தாத்தாவும் ஆவான், பூட்டனும் ஆவான். உங்க கம்ப்யூட்டர்ல குடும்ப மரம்னு போடுதியளே, நம்ம வீட்டை அதுல போட்டா மரமா வரும்? மணப்பாட்டுக்காரன் வலையை ஒதறிப் போட்ட மாதிரி வரும்.

போன மாசக் கூத்தும் காதுக்கு வந்துச்சு. ஒருத்தன் பரண்ல இருந்து பழைய பத்திரம் ஒண்ணை எடுத்துட்டு வந்தானாம். ஆண்டு 1052-ன்னு போட்டிருந்துச்சாம். சோழர் காலத்துப் பத்திரம்னு சங்கமே கை தட்டுச்சாம். லே, அது கொல்லம் ஆண்டுலே. கி.பி. 825-ல தொடங்குன கணக்கு. நம்ம சீமை திருவிதாங்கூரை ஒட்டிக் கெடந்ததுனால இங்கயும் பத்திரம், ஓலை, கல்லு எல்லாத்துலயும் அதைத்தான் எழுதுனாவ. கொல்லத்தோட மாசத்துக்குத் தக்கன 824-ஐயோ 825-ஐயோ கூட்டு. 1876, 77 வரும். பத்திரத்து மேல ஒரு பொம்பளை தலை முத்திரை இருந்துச்சே, அவ யாருன்னு ஒருத்தனாச்சும் பாத்தியளா? விக்டோரியா ராணி. சோழனுக்கு அவ என்ன முறை வேணும்? அத்தை மகளா?

அந்த 1876 எந்த வருசம் தெரியுமா? தாது. பேரைச் சொன்னாலே எங்க ஆச்சி வாயில துணியப் பொத்திக்கிடுவா. தாது வருசப் பஞ்சம்னா அப்பிடிப் பஞ்சம். இதுல உனக்கு ஒரு வில்லங்கம் இருக்கு. நம்ம வருசப் பேரு அறுவது வருசத்துக்கு ஒருக்கத் திரும்பி வரும். 1876 தாது, 1936 தாது, 1996 தாது. நம்ம வழக்கமோ பேரனுக்குத் தாத்தா பேரு. மொத தாதுல பொறந்தவன் சுடலைமுத்து. அடுத்த தாதுல பொறந்த அவன் பேரனும் சுடலைமுத்து. இனிஷியலை வச்சுப் பிரிச்சிருவேன்னு சொல்லாதே. நடுவுல இருக்கவனுக்கும் அவன் தாத்தா பேருதானே? அப்ப மூத்த சுடலைமுத்துவோட அப்பன் பேரும் இளைய சுடலைமுத்துவோட அப்பன் பேரும் ஒண்ணு. இனிஷியலும் ஒண்ணு, பேரும் ஒண்ணு, வருசமும் ஒண்ணு. ஜாதக நோட்டுல வெறும் 'தாது'ன்னு இருந்தா அது எவன் ஜாதகம்? எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லாது. உங்க ஆச்சி சொல்லுவா.

பொறந்த தேதியத் தேடி அலையுதியே, என் பொறந்த நாளு ஜூன் ஒண்ணு. என்கூடப் படிச்ச பாதிப் பேருக்கும் ஜூன் ஒண்ணுதான். எங்க ஊருப் பொம்பளைங்க எல்லாம் ஒரே நாளு பேசி வச்சுப் பெத்தாவளா? பள்ளிக்கூடத்துல சேக்கதுக்கு அஞ்சு வயசு வேணும், வாத்தியாரு பெத்துப்போட்ட தேதி அது. பொறப்பு எறப்பை நாடு முழுக்கக் கண்டிப்பாப் பதியணும்னு சட்டம் வந்ததே 1969-லதான். அதுக்கு முன்னால உள்ள ஆளுகிட்டத் தேதி கேட்டா முழிக்கத்தான் செய்வான். நீ சம்பவத்தைக் கேக்கணும். தனுஷ்கோடியக் கடல் கொண்டுபோன புயலுக்கு முன்னாலயா பின்னாலயா? முன்னால, ஆடியில. அப்ப 1964 ஆடி. ஆத்து வெள்ளம் ஊருக்குள்ள வந்துச்சுன்னு எல்லாரும் பேசுனாவளே, அப்ப அவுக புள்ள கைப்புள்ளையா நடக்கப் பழகுனதா? சரி, அந்த வெள்ளம் 1992 நவம்பர், அதுல இருந்து எண்ணிக்கோ. ஆளுக்குத் தேதி தெரியாது, ஆனா வெள்ளமும் புயலும் மறக்காது.

காகிதம் அலுத்துப்போச்சுன்னா அடுத்து எச்சி. ஒரு குழாயில துப்பிச் சீல் வச்சு அனுப்புனா, நீ யாருன்னு கம்பெனிக்காரன் எழுதி அனுப்புதானாம். என்ன எழுதுனான்? தென்னிந்தியன்னு எழுதுனான். உன் மூஞ்சியப் பாத்து நான் ஓசியில சொல்லியிருப்பேனே. அப்பன் வழிக் கூறுன்னு தனியா ஒண்ணு பாக்கானாமே, அது அப்பன், அப்பனோட அப்பன்னு ஒத்தைக் கோட்டுல போகும். பத்தாம் தலைமுறையில அந்த 1,024 பேருல ஒரே ஒரு ஆளுகிட்டப் போய் நிக்கும். அம்புட்டுத்தான். அதுவும் போக, இந்தத் தொழில்ல பேர்போன ட்வென்ட்டி த்ரீ அண்ட் மீ கம்பெனி இருக்குல்லா? 2023-ல அதுல கிட்டத்தட்ட 69 லட்சம் பேரு விவரம் களவு போச்சு. 2025 மார்ச்சுல கம்பெனியே திவால் மனுப் போட்டுட்டு. கம்பெனி ஏலத்துக்கு வந்தா நீ துப்புன எச்சி யாரு சொத்துலே? நதிமூலம் ரிஷிமூலம் பாக்காதேன்னு பெரியவுக சும்மாவா சொன்னாவ. ரிஷிக்கே அந்தக் கதின்னா, உங்க பெரியப்பன் கொழும்புல கடை வச்சிருந்த காலத்தை நீ தோண்டணுமா? நான் ஒண்ணும் சொல்லலைப்பா. தோண்டுனா தோண்டிக்கோ.

சரி, உன் மரத்தைக் காட்டு பாப்போம். முத்தையா, அவன் மகன் பேச்சிமுத்து, அவன் மகன் முத்தையா. இவனுக எல்லாம் யாரு வயித்துல பொறந்தானுவ? ஒரு பொம்பளை பேரு இல்லையே. பத்திரத்துல இல்லைங்கே. இருக்காதுதான். நாட்டுல மொத தேர்தல் நடந்தப்பவே 28 லட்சம் பொம்பளைங்க பேரு வாக்காளர் பட்டியல்ல ஏறாமப் போச்சு, அதுல முக்காவாசி வடக்க. இன்னார் பொண்டாட்டி, இன்னார் ஆத்தான்னு மட்டும் சொன்னாவளே ஒழிய, தன் பேரைச் சொல்லலை. வடக்கன்னு சிரிக்காதே. 2025 நவம்பர்ல நம்ம பக்கம் பட்டியல் திருத்தம்னு வீடு வீடாப் பாரம் குடுத்தாவளே, பழைய பட்டியல்ல உன் பேரோ பெத்தவுக பேரோ எங்க இருக்குன்னு கேட்டு. அன்னைக்கு ஊரே வம்சாவளிச் சங்கந்தான். ஆம்பளை நோகாமக் காட்டிட்டான். வேற ஊர்ல வாக்கப்பட்டுப் போனவதான் பொறந்த ஊருக்குப் போன் போட்டு, அப்பன் ஓட்டு எந்த வார்டுன்னு கேட்டுக்கிட்டுக் கெடந்தா.

அதனால நீ எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ரயில் ஏறும் முன்னால வீட்டு அலமாரியத் தெற. கல்யாண மொய் நோட்டு இருக்கும். நான் பாத்ததுல அதுக்கு மேல ஒரு வம்சாவளிப் புத்தகம் கெடையாது. யாரு, எந்த ஊரு, என்ன மொய், எல்லாம் வரிசையா இருக்கும். பொண்ணு குடுத்த ஊரும் எடுத்த ஊரும் அதுல வந்துரும். அடுத்த கல்யாண நோட்டை எடுத்துப் பக்கத்துல வையி. மொத நோட்டுல இருந்தவன் இதுல இல்லையா? ஒண்ணு செத்திருப்பான், இல்லை சண்டை. பத்து ரூவா வச்ச மாமன் திடீர்னு நூறு ரூவா வச்சிருக்கானா? வெளிநாடு போயிருக்கான், இல்லை மகளுக்கு உங்க வீட்டுல மாப்பிள்ளை பாத்திருக்கான். அரசாங்கப் பதிவேட்டுல இதெல்லாம் இருக்குமாலே?

இன்னொரு நோட்டு கோயில் வரி நோட்டு. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வேன் புடிச்சுப் போறோமே, நீ செல்லுல படம் எடுத்துட்டுப் பொங்கலைத் தின்னுட்டு வாறே. அங்க ஒரு மனுசன் தலைக்கட்டு வரி எழுதிக்கிட்டு மூலையில உக்காந்திருப்பாரு, பாத்திருக்கியா? எந்தத் தலைக்கட்டு எப்பப் பிரிஞ்சது, எவன் சென்னைக்குப் போனான், எவன் மகன் தனி வரி கட்ட ஆரம்பிச்சான், எல்லாம் அந்த நோட்டுல. உன் சங்கத்துக்கு எத்தனையோ நூறு வருசம் மூத்த சங்கம் அது. டீயும் உண்டு. அட்டைதான் இல்லை.

வேதத்துல சேந்த சொந்தக்காரன் வீட்டுக்கும் போ. அவுக கோயில்ல ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூணுக்கும் பதிவேடு இருக்கும். பெத்தவ பேரும் பல எடத்துல எழுதியிருப்பாவ. நம்ம பக்கத்துல மதம் மாறாதவனுக்குக் கூட அந்தப் பதிவேட்டுல பாட்டன் கெடைக்கலாம். அண்ணன் தம்பியில ஒருத்தன் இந்தப் பக்கம், ஒருத்தன் அந்தப் பக்கம் போனது ஒண்ணும் அதிசயம் இல்லையே.

ஒரு கூட்டத்தை மட்டும் நான் கேலி பேச மாட்டேன். கப்பல்ல போனவுக பேரன் பேத்தி. 1860-ல மதராசுல இருந்து கெளம்புன ட்ரூரோங்குற கப்பல் நவம்பர் 16-ந் தேதி தென்னாப்பிரிக்காவுல டர்பன் போய்ச் சேந்துச்சு. 1911 வரைக்கும் மதராசு, கல்கத்தா ரெண்டு எடத்துல இருந்தும் ஒண்ணரை லட்சம் பேருக்கு மேல அந்த நேட்டால் சீமைக்குக் கரும்புத் தோட்டத்துக்கும் மத்த கூலி வேலைக்கும் போனாவ. ஆளுக்கு ஒரு நம்பரு. பேரு, அப்பன் பேரு, வயசு, ஜில்லா, தாலுகா, ஊரு, உடம்புல இருந்த தழும்பு, மச்சம் எல்லாம் பட்டியல்ல ஏத்துனாவ. தாத்தா பேரே அங்க குடும்பப் பேராகிப் போச்சு. இன்னைக்கு அவுக வாரிசு அந்த நம்பரை எழுதிக்கிட்டு இங்க வந்து நிக்காவ. தமிழ் வராது. ஊர்ப் பேரைக் கிளார்க்கு காதுல விழுந்தபடி எழுதியிருக்கான், எந்த ஊருன்னே புடிபடாது. அவுகள்ல ஒருத்தராச்சும் எங்க பூட்டன் ராசான்னு கேட்டாவளா? ஒரு ஊரு, ஒரு தெரு, முடிஞ்சா ஒரு கோயிலு, அவ்வளவுதான் கேக்காவ. உங்க சங்கத்துக்குக் கை சும்மா இருந்தா அந்த ஊர்ப் பேருகளை உக்காந்து வாசிச்சுச் சொல்லுங்க. பிரயோசனமான வேலை.

இப்ப எந்திரி. ஆச்சிகிட்டப் போ. வெறுங்கையோட போகாதே, வெத்தலை வாங்கிக்கோ. பழைய போட்டோ ஒண்ணை மடியில போட்டுட்டுச் சும்மா இரு, பேச்சு தானா வரும். ஊடால புகுந்து திருத்தாதே. மறுநாள் அவ தங்கச்சிகிட்டப் போய் அதே கதையக் கேளு. ரெண்டும் எங்க முட்டுதோ அங்கதான் விசயம் இருக்கு. மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல போனா தூங்கிருவா. நாளைக்குப் பாக்கலாம்னு மட்டும் இருந்துராதே, அவளுக்கு என்ன வயசுன்னு நெனச்சே?

எங்க தாத்தாவப் பத்தி வேணும்னா என்கிட்டயே வா, சொல்லுதேன். அவரு ஆறு மாசம் ஜெயில்ல இருந்தாரு, உண்மைதான். ஆனா வெள்ளைக்காரன் காலத்துல ஜெயிலுக்குப் போனாருன்னதும் தியாகின்னு எழுதி மாலை போட்டுராதே. அது ஆட்டு வழக்குலே.