தூரத்தை நகர்த்துவது எப்படி? மதுக்கடை முதலாளிகளுக்கு ஒரு கையேடு

ஆந்திராவில் சித்தூர் ஜில்லா விஜயபுரம் பக்கம் ஒருவர் பார் திறக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால், முதல் வேலையாக அவரைத் திருத்தணிக்கு அழைத்துப் போய் மொட்டை போட்டுவிடுவார்கள். மொட்டை போட்ட பிறகும் திறந்தே தீருவேன் என்கிறவர்களுக்குத்தான் இந்தக் கையேடு. லைசென்ஸ் எடுப்பது, சரக்கு இறக்குவது, சுண்டலில் எவ்வளவு மிளகாய் போட்டால் இரண்டாவது குவார்ட்டர் ஓடும் என்பதெல்லாம் தொழில் தெரிந்தவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எக்சைஸ், ரெவின்யூ, போலீஸ், பஞ்சாயத்து என்று நாலு ஆபீஸோடும் மல்லுக்கட்டிக்கொண்டே ஷட்டரை இறக்காமல் இருப்பது எப்படி என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதலில் மண்ணின் ஜாதகம். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். மறுவருடமே அது வந்து சேர்ந்த இடம் எது? நம் சித்தூர் ஜில்லாவும் கடப்பாவும். கள்ளுக்கடை வருமானம் போனதை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. கடை திரும்பி வந்தபோது அந்த வரி போகவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நெல்லூர் ஜில்லா தூபகுண்டாவில் பெண்கள் கிளம்பிய பிறகு 1993-ல் சாராயம் போனது. 1995-ல் என்.டி.ஆர். எல்லாவற்றையும் மூடினார். 1997-ல் மருமகன் சந்திரபாபு திறந்துவிட்டார். கடையை மூட வருகிறவரும் திறந்துவைக்க வருகிறவரும் ஒரே கட்டிடத்திலிருந்துதான் வருகிறார்கள். ஆகவே யார் வந்தாலும் நாற்காலி போட்டு, காபி கொடுத்து அனுப்புங்கள்.

இனி தூரம் அளக்கும் டேப்புக்கு வருவோம்.

2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் வெளி விளிம்பிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது. சாலையில் போகிறவர் கண்ணுக்குக் கடை தெரியக் கூடாது, சாலையிலிருந்து நேரே உள்ளே நுழையவும் கூடாது, கடை இருக்கிறது என்று காட்டும் பலகையும் ஆகாது. 2017 ஏப்ரல் 1 முதல் அமல். முந்தின நாள் சாயங்காலம் ஒரு சலுகை கிடைத்தது: 20,000 பேருக்கு உட்பட்ட ஊர்களுக்கு 220 மீட்டர் போதும். அதாவது நம்மூர்க் குடிமகனுக்குப் பட்டணத்துக் குடிமகனைவிட 280 மீட்டர் நடை மிச்சம். கிராமத்தில் இருப்பதால் என்ன லாபம் என்று கேட்கும் மைத்துனருக்கு இதைச் சொல்லுங்கள்.

தூரம் போதாது என்று நோட்டீஸ் வந்தால், பதறிப்போய்க் கடையை மாற்றாதீர்கள். அட்வான்ஸ், வாடகை, ஏசி, இருட்டு எல்லாம் புதிதாகத் தேட வேண்டும். கடை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், தூரத்தை நகர்த்துங்கள்.

இதில் நமக்குக் குரு கேரளத்தில் எர்ணாகுளம் ஜில்லா வடக்குப் பரவூரில் இருக்கும் ஐஸ்வர்யா பார். சின்ன ஊர், நெடுஞ்சாலைக்குப் பக்கத்துக் கடை. 2017 ஏப்ரலில் அவர்கள் கடையைத் தொடவே இல்லை. தங்களுடைய காலி நிலத்தில் சுவர்களை நிறுத்தி, போய்த் திரும்பி, போய்த் திரும்பி ஒரு நீண்ட நடைபாதை கட்டினார்கள். சாலையிலிருந்து கடை அதே தூரத்தில்தான் இருந்தது. நடக்கிற கணக்கில் மட்டும் 500 மீட்டரைத் தாண்டிவிட்டது. காக்கை பறக்கும் தூரத்தை நாங்கள் அளப்பதில்லை, ஆள் போகிற வழியைத்தான் அளப்போம் என்கிற எக்சைஸ் கணக்கு அவர்களுக்குக் கைகொடுத்தது. வாசலை மாற்றியதற்கு அபராதம் உண்டு என்றும் அதே அதிகாரிகள் சொன்னார்கள். அந்த அபராதத்தைச் செங்கல், சிமெண்டுச் செலவோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்களும் அப்படி ஒன்று கட்டுவதாக இருந்தால் சில நுணுக்கங்கள். சுவர் ஆள் உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும். இடுப்பளவு கட்டினால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தாண்டிவிடுவார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு பல்பு போடுங்கள். முட்டுச் சந்து வேண்டாம். மூன்று கட்டிங் உள்ளே போனவர் முட்டுச் சந்தில் நின்று சுவரோடு பேச ஆரம்பித்தால் பின்னால் வருகிறவர்களுக்கு வழி அடைபடும். எல்லாவற்றையும்விட முக்கியம், தினமும் காலையில் சுவரைச் சுற்றி வந்து பாருங்கள். நம் ஆட்கள் ரயில்வே காம்பவுண்டிலேயே ஓட்டை போட்டுக் குறுக்கு வழி கண்டவர்கள். சுவரில் ஒருவர் நுழையும் அளவு ஓட்டை விழுந்த நிமிடம் நடைதூரம் சுருங்கிவிடும், உங்கள் கடை சட்டவிரோதமாகிவிடும். சர்வேயர் டேப்பின் ஒரு முனையைச் சாலை விளிம்பில் அசிஸ்டெண்டிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, மறுமுனையோடு திருப்பம் திருப்பமாக உள்ளே போவார். நாலாவது திருப்பத்தில் அவருக்கு அசிஸ்டெண்டின் குரல் மட்டும்தான் கேட்கும். அந்த இடத்தில் ஒரு ஸ்டூலும் ஒரு சோடாவும் வைத்திருப்பது மரியாதை.

இந்தப் பாதையில் நீதிமன்றம் நினைத்தே பார்க்காத ஒரு நன்மையும் உண்டு. உள்ளே போகும்போது யாருக்கும் வழி தப்பாது. வெளியே வரத் தெரிந்தவருக்கு மட்டும் வண்டிச் சாவியைக் கொடுத்தால், போலீஸ் ஊதச் சொல்லும் மெஷினே தேவைப்படாது.

சுவர் கட்டுவதெல்லாம் நம்மைப் போன்ற சில்லறை ஆட்களின் வேலை. பெரிய இடத்தில் சாலையின் பெயரை மாற்றிவிடுகிறார்கள். சண்டிகர் நிர்வாகம் 2017 மார்ச்சில் நகருக்குள் ஓடும் நெடுஞ்சாலைகளை 'பெரிய மாவட்டச் சாலை' என்று எழுதிவிட்டது. அதே தார், அதே லாரி, அதே வேகம், நெடுஞ்சாலைதான் இல்லை. நெடுஞ்சாலையே இல்லாதபோது 500 மீட்டரை எங்கிருந்து அளப்பது? ஹர்மன் சித்து என்பவரின் அமைப்பு இதை எதிர்த்து வழக்குப் போட்டது. அவர் சாலை விபத்தில் அடிபட்டு, சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு சாலைப் பாதுகாப்புக்காக உழைப்பவர். நெடுஞ்சாலைக் கடைகளை எதிர்த்துப் போராடியவர்களில் முக்கியமானவர். 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளியது, நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்றும் விளக்கிவிட்டது. இந்த விவகாரம் முழுவதிலும் நான் சிரிக்காமல் கடந்துபோகும் இடம் இது ஒன்றுதான். நீங்களும் கடந்து வாருங்கள், வேலை இருக்கிறது.

நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் கடையைக் கொண்டுபோகலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். தமிழ்நாட்டில் டாஸ்மாக் அதைத்தான் செய்து பார்த்தது. 2017 ஏப்ரலில் திருப்பூர் பக்கம் சாமளாபுரத்தில் கடை வேண்டாம் என்று பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். ஒரு போலீஸ் அதிகாரி ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே டிவியில் பார்த்தது. அதிகாரியைச் சமாளிக்க அபராத ரசீது இருக்கிறது, கோர்ட்டைச் சமாளிக்க வக்கீல் இருக்கிறார். துடைப்பத்தோடு வரும் பெண்களைச் சமாளிக்க இந்தக் கையேட்டில் வழி எதுவும் இல்லை. அந்தத் தெருவில் கடை போடாதீர்கள், அவ்வளவுதான்.

சரி, அதிகாரிகளே எதிரில் கடை போட்டுவிட்டால்? ஆந்திராவில் அதுவும் நடந்தது. 2019 அக்டோபர் 1 முதல் அரசே ஒயின் ஷாப் நடத்தியது. முகம் தெரிந்த பிராண்டுகள் மறைந்து, 'பூம் பூம்' பீரும் 'பிரெசிடெண்ட் மெடல்' விஸ்கியும் அலமாரிக்கு வந்தன. 2020 மே மாதம், ஊரடங்கு தளர்ந்து கடை திறந்த இரண்டு நாளில் விலை 75 சதவிகிதம் ஏறியது. விசாகப்பட்டினம் பக்கம் வரிசையை ஒழுங்குபடுத்த வாத்தியார்களை நிறுத்தினார்கள். பழைய மாணவர் வரிசையில் நின்றுகொண்டு "சார், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் அந்த வாத்தியார் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வாரத் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் கடை இன்னும் திறக்கவில்லை. அங்கிருந்து ஆட்கள் எல்லை தாண்டி நம் ஜில்லாவுக்கு வந்து வரிசையில் நின்றார்கள். அங்கே திறந்ததும் காற்று திசை மாறியது, பாட்டில்கள் அங்கிருந்து இங்கே வர ஆரம்பித்தன. 1960-ல் திருத்தணியை அந்தப் பக்கம் கொடுத்து எல்லைக் கோடு போட்டவர்கள், அறுபது வருடம் கழித்து அதன் இரு பக்கமும் குவார்ட்டர் விலையை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தலைமுறை நிற்கும் என்று கண்டார்களா?

2024-ல் ஆந்திராவில் ஆட்சி மாறி, கடைகள் தனியாருக்கே திரும்பின. அக்டோபரில் 3,396 கடைகளுக்குக் குலுக்கல். வந்த விண்ணப்பங்கள் 89,882. விண்ணப்பம் ஒன்றுக்கு 2 லட்சம் ரூபாய். பெயர் விழாவிட்டாலும் பணம் திரும்பாது. ஒரு பாட்டில் மூடி திறக்கும் முன்பே கஜானாவில் சுமார் 1,797 கோடி ரூபாய். சுண்டலும் தேவையில்லை, சுவரும் தேவையில்லை, மாமூலும் தேவையில்லை. நடத்தினால் இப்படி ஒரு கடை நடத்த வேண்டும். ஆனால் அதற்குத் தேர்தலில் ஜெயிக்க வேண்டும்.

குலுக்கலில் பெயர் வராதவர்களுக்குப் பெட்டிக்கடையில் பிஸ்கட் டின்னுக்குப் பின்னால் நாலு குவார்ட்டரை ஒளித்து விற்கும் பெல்ட் ஷாப் ஆசை வரும். இல்லாத கடைக்கு எந்தச் சர்வேயரும் டேப்பு பிடிக்க வரமாட்டார் என்பது உண்மைதான். ஆனால் பெல்ட் ஷாப்புக்குச் சரக்கு கொடுத்தால் ஒயின் ஷாப்காரருக்கு 5 லட்சம் அபராதம், மறுபடியும் கொடுத்தால் லைசென்ஸ் ரத்து என்று முதல்வர் அறிவித்திருப்பதால், அவர் உங்களிடம் எம்.ஆர்.பி.க்கு மேல் எவ்வளவு கேட்பார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிடிபட்டு, பாட்டில்களைப் பறிமுதல் செய்துவிட்டால் மனம் தளர வேண்டாம். அவற்றைச் சாலையில் அடுக்கி, வண்டி ஏற்றி உடைப்பது வழக்கம். 2024 செப்டம்பரில் குண்டூரில் அப்படி உடைத்துக்கொண்டிருந்தபோதே, போலீசார் கண்ணெதிரில் கூட்டம் பாய்ந்து கையில் அகப்பட்டதை அள்ளிக்கொண்டு ஓடியது. உங்கள் சரக்கை எந்தத் தேதியில், எந்த மைதானத்தில் உடைக்கிறார்கள் என்று ஸ்டேஷனில் பணிவாக விசாரித்து வையுங்கள். போகும்போது கட்டைப்பை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.