ஆசிரியர் சங்கத் தலைவர்: பதவியும் பணிகளும்

பல்கலைக்கழக ஆசிரியர் சங்கத் தலைவர் என்பது ஊதியமில்லாத பதவி. இதை ஏற்பவருக்கு வகுப்புச் சுமையில் ஒரு மணி நேரம்கூடக் குறையாது. விடைத்தாள் திருத்தும் முகாமிலிருந்தும் விலக்கு கிடையாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். நிர்வாகக் குழுவில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது. அதன் காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. அதே ஆளை மறுபடியும் தேர்ந்தெடுக்கத் தடையில்லை என்பதையும் சட்டம் சொல்கிறது. தலைவரின் வீட்டார் கவனிக்கத் தவறுவது இந்தப் பகுதியைத்தான்.

தலைவர் பெரும்பாலும் போட்டியின்றித் தேர்வாகிறார். ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார். அந்த இருவரும் குடும்பச் சூழல் காரணமாகத் தங்களால் எந்தப் பொறுப்பையும் ஏற்க இயலாது என்று அதே மூச்சில் தெரிவித்துவிடுவார்கள். பிறகு கைதட்டல். அடுத்த கைதட்டல் தலைவர் பதவி விலகும்போது.

இவர் யாருக்குத் தலைவர் என்பதில் சட்டத்துக்கே சிறு குழப்பம் உண்டு. 1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு கல்வி நிறுவனத்தையும் ‘தொழில்’ என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. பத்து ஆண்டு கழித்து, 1988-இல், சுந்தராம்பாள் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் ஆசிரியரை அன்றைய தொழில் தகராறுகள் சட்டப்படி ‘தொழிலாளி’ என்று கொள்ள முடியாது என்றது. கற்பித்தல் ஓர் உன்னதப் பணி என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆக, அந்தச் சட்டப்படி தொழில் உண்டு, தொழிலாளி இல்லை. எழுத்தருக்குத் தொழிலாளர் நீதிமன்றம், பேராசிரியருக்கு உன்னதம்.

வேலைநிறுத்தம் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. 2003 ஜூலையில் தமிழக அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் அதில் இறங்கியபோது ஏறத்தாழ 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆகஸ்ட் 6 அன்று, டி. கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கில், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. நீக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள் என்றாலும், அந்தப் பணிநீக்கத்தைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்ற பேச்சு எழுந்தால் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். எனவே நடைமுறையில் உள்ளவை கோரிக்கை அட்டை அணிதல், வாயிற்கூட்டம், உணவு இடைவேளை ஆர்ப்பாட்டம். கடைசியில் சொன்னதில் முழக்கம் சுருக்கமாக இருக்கும். டிபன் பாக்ஸ் ஆறிவிடும்.

கோரிக்கைகளில் முதலிடம் பதவி உயர்வுக்கு. பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் கொண்டுவந்த விதிமுறைகள் அதை ஏ.பி.ஐ. எனும் கல்விசார் செயல்திறன் மதிப்பெண்ணோடு முடிச்சுப் போட்டன; 2018-இல் வந்தவை கணக்கை மாற்றின. ஒரே ஆசிரியரின் கோப்பு இரண்டிலும் பாதிப் பாதி கிடக்கும். இரவு பத்தரைக்கு வரும் அழைப்புகள் இதைப் பற்றியவை: “தலைவரே, அந்த வெபினார் சர்டிஃபிகேட்டுக்கு எத்தனை பாயிண்ட் வரும்?” அடுத்தது ஓய்வூதியம். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ பணியில் சேர்ந்தவர்களுக்குக் கொண்டுவரப்பட்டது பங்களிப்புத் திட்டம். அதற்கு முன் சேர்ந்தவர்களுக்குப் பழைய திட்டம். பின்னால் சேர்ந்தவர்களின் பழைய திட்டக் கோரிக்கைக்கு முன்னால் சேர்ந்தவர்கள் முழு மனதோடு தார்மீக ஆதரவு தருவார்கள். தார்மீக ஆதரவுக்கு நேரில் வர வேண்டியதில்லை.

இவை யாவும் பொதுக்குழுவில் தீர்மானமாக வேண்டும். பொதுக்குழுவுக்குக் கோரம் வேண்டும். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அரங்கில் இருந்தால்தான் அது பொதுக்குழு. இல்லையேல் சிலர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மட்டுமே பொருள். கூட்டம் மாலை 4 மணிக்கு என்று சுற்றறிக்கை போனால் 4 மணிக்கு இருப்பவர்கள் தலைவர், செயலாளர், மைக்காரர், ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர். ஓய்வு பெற்றவருக்கு வாக்குரிமை இல்லை, கோரத்திலும் சேரமாட்டார். தவறாமல் வருகிற ஒரே மனிதரை விதிகள் எண்ணுவதில்லை.

எண்ணப்படுகிறவர்கள் பல வகை. பதிவேட்டில் கையெழுத்திட்டு, “பையனை டியூஷன்ல விட்டுட்டு வந்துடறேன்” என்று போகிறவர் முதல் வகை. அந்தப் பையன் படித்து முடித்து வேலைக்கே போயிருப்பான். இரண்டாம் வகையினர் வராண்டாவில் நிற்பவர்கள். இவர்களுடைய காது உள்ளே, கால் வெளியே. நிலைப்படியில் சாய்ந்தபடி கையை மட்டும் உள்ளே நீட்டி வாக்களித்தவரை எண்ணுவதா என்ற கேள்வி மினிட்ஸ் புத்தகத்தில் இரண்டு பக்கம் ஓடுகிறது. முடிவு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. மூன்றாம் வகையினர் வந்துகொண்டே இருப்பவர்கள். வாட்ஸ்அப்பில் “ஆன் தி வே சார்” என்று போடுவார்கள், வழி முடிவதில்லை. நான்காமவர் தொலைபேசியில், “உங்க முடிவுதான் தலைவரே என் முடிவு” என்பார். முடிவு வெளியானதும், “யாரைக் கேட்டு முடிவெடுத்தீங்க?” என்று குழுவில் எழுதுபவரும் அவரே.

தனிக் கவனம் பெறுபவர், கோரம் இல்லை என்று ஆட்சேபிப்பதற்காகவே வருபவர். அவரையும் சேர்த்து எண்ணினால் கோரம் சரியாக இருக்கும். அதைச் சுட்டிக்காட்டியதும் எழுந்து வெளியே போய்விடுவார்.

இதற்குப் பரிகாரமாக விதிகளில் ஒரு வழி உண்டு. கோரம் இல்லாத கூட்டத்தை அரை மணி நேரம் ஒத்திவைத்து மறுபடி கூட்டினால், அப்போது இருக்கிறவர்களே கோரம். நான்கு மணிக்கு நாற்பது பேர் போதாது. நான்கரைக்குப் பத்தொன்பது பேர் தாராளம். இந்த அரை மணி நேரத்தில் ஜனநாயகத்துக்கு என்ன நேர்கிறது என்பதை அரசியல் அறிவியல் துறையினர்தான் விளக்க வேண்டும். அவர்கள் வராண்டாவில் இருக்கிறார்கள்.

ஒத்திவைத்த கூட்டத்தில் விதித் திருத்தம் மட்டும் கூடாது. சென்ற வியாழக்கிழமைக் கூட்டத்தின் ஒரே பொருள், கோரத்தை மூன்றில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒன்றாகக் குறைப்பது. அது கோரம் இல்லாமல் கைவிடப்பட்டது. கோரத்துக்கெனக் கணக்குப் பார்த்து வாங்கிய மெதுவடையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவற்றைத் தின்றவர்கள் யார் என்பதைப் பதிவேடு சொல்லாது. ஆனால் அவர்கள் கட்டடத்துக்குள்தான் இருந்தார்கள். வடை இருந்த அறைக்கும் அரங்கத்துக்கும் நடுவில் ஒரு கதவு. அது திறந்தே இருந்தது.

மனு கொடுத்தல் தலைவரின் அடுத்த பணி. புதிய துணைவேந்தருக்குப் பொன்னாடை போர்த்தி மனு கொடுப்பது மரபு. பணியிடம் காலியாக இருந்தால் ஒருங்கிணைப்புக் குழுவிடம் கொடுக்க வேண்டும். அதன் ஒருங்கிணைப்பாளர் பெரும்பாலும் சென்னைத் தலைமைச் செயலகத்தில் இருப்பார். புகைப்படம் எடுக்கும்வரை தூதுக்குழுவில் கூட்டம் முண்டியடிக்கும். பேச்சுவார்த்தை தொடங்கும்போது தலைவரும் செயலாளரும் மிஞ்சுவார்கள். கோப்பு நிதிப் பிரிவில் இருக்கிறது என்பார்கள். அது இன்னும் வரவில்லை என்று நிதிப் பிரிவு சொல்லும்.

இனி, இத்தனைக்கும் நடுவே ஒரு தலைவரால் சாதிக்கக் கூடியவை. அதற்கு முன் கோரம் குறித்து விடுபட்ட ஒன்று. இணையவழிக் கூட்டம் நடத்தினால் எல்லோரும் வருவார்கள் என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. வந்தார்கள். எல்லோருடைய கேமராவும் அணைந்திருந்தது. கைபேசியிலும் மடிக்கணினியிலும் நுழைந்தவரை ஒருவராக எண்ணுவதா இருவராக எண்ணுவதா என்பதில் கூட்டத்தின் பெரும்பகுதி போனது. வாக்கெடுப்பின்போது யாரோ ஒருவர் வீட்டில் குக்கர் மூன்று விசில் அடித்தது. அவற்றை ஆதரவாகக் கொள்ளச் செயலாளர் மறுத்துவிட்டார். கூட்டம் முடிந்தது என்று அறிவித்து நெடுநேரமாகியும் சில பெயர்கள் திரையை விட்டுப் போகவில்லை. அவர்கள் தூங்கிவிட்டார்கள் என்பது மறுநாள் தெரிந்தது.

சந்தா பாக்கி உள்ளவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் மூன்றில் ஒரு பங்கு தானாகக் குறையும் என்று பொருளாளர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். ஆனால் நீக்குவதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும். ஆகவே கூட்டத்துக்கு வர விருப்பமில்லாத உறுப்பினர்கள் தயவுசெய்து தாங்களாகவே விலகல் கடிதம் கொடுத்துவிடவும். அதை ஏற்கச் செயற்குழுவே போதும்.